உங்க வூட்ல இன்னைக்கு இன்னா வெசம்?

காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நீங்கள் எல்லாரும் குழுவில் அனுப்புகிற செய்திகளைத்தான் முதலில் படிக்கிறேன். வெந்தயத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும், டாக்டர் இதைச் சொல்ல மாட்டார். தடுப்பூசியில் என்ன கலந்திருக்கிறார்கள் தெரியுமா. படிப்பேன், சிரிப்பேன், சில நாள் எரிச்சல் வரும், பதில் போடுவதில்லை. நேற்று ஒருவர், "நிபுணர்கள் எல்லாரும் பொய்யர்கள், நாம் ஏமாந்தது போதும்" என்று எழுதிக் கைகூப்பும் பொம்மையும் வைத்திருந்தார். உங்களில் பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டீர்கள். நானும் தூக்கத்தான் போனேன், தூக்கவில்லை.

பொய் சொன்ன ஒரு நிபுணரை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெந்தயத்தை எல்லாம் நான் கடைசிவரை படித்திருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. போளூரிலிருந்து வரும் பஸ் எங்கோ நின்றுவிடும், அங்கிருந்து ஓடையைத் தாண்டி ஏறி வர வேண்டும். ஊருக்குப் பெரியவர் என் பெரியப்பா. ஊர்க்கவுண்டர் என்றால் அவர்தான். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வாசல். என் தம்பி அப்போது கைக்குழந்தை, பல் முளைக்கிற நேரம், கண்டதையும் வாயில் வைப்பான். அவன் எச்சில் என் தோளில் எப்போதும் ஈரமாக இருக்கும்.

மழைக்கு முந்தைய மாதங்கள் எங்கள் ஊரில் பசி மாதங்கள். சாமைக் குதிருக்குள் தலையை விட்டுப் பேசினால் நம் குரல் நமக்கே திரும்பி வரும். நானும் பெரியப்பா மகளும் அப்படிப் பேசி விளையாடுவோம், அம்மா வந்து முதுகில் ஒன்று வைப்பாள். காட்டுக்குப் போய்க் கிழங்கு தோண்டி வந்து வேகவைப்போம். பலாக்கொட்டையைச் சுடுகிற வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்போம், வெட்கம் எல்லாம் கிடையாது.

தம்பி பிறப்பதற்கு முந்தின வருடம், அப்படி ஒரு பசி மாதத்தில்தான் விவசாய ஆபீசர் முதல்முறை வந்தார். ஒல்லியான ஆள், சட்டையின் அக்குள் எப்போதும் நனைந்திருக்கும். புது ரகச் சோளம் மூட்டைகளைக் கழுதை மேல் ஏற்றி வந்தார். ஏக்கருக்கு இவ்வளவு விளையும் என்று கைகளை விரித்துச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. இது மருந்து போட்ட விதை. விஷம். யாரும் சாப்பிட்றாதீங்க" என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எந்த விதையானாலும், மண்ணில் போடுவதற்கு முன்னால் அதில் ஒரு பிடி எடுத்து வேடியப்பன் கோயில் முன்னால் பொங்க வேண்டும். அதற்கென்றே ஒரு வெண்கலப் பானை எங்கள் வீட்டில் இருந்தது. சாமிக்குப் படைத்த பிறகு முதல் கவளத்தை ஊர்க்கவுண்டர் குடும்பத்தின் கடைசிக் குழந்தைக்கு ஊட்டுவார்கள். பிறகு எல்லாரும் ஒரு வாய் சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் விதைச்சோறு. அது ஆகும்வரை விதையை யாரும் வாயில் வைக்கக் கூடாது, நிலத்திலும் போடக் கூடாது. தின்ன முடியாததை விதைத்தால் விளைவதை மட்டும் எப்படித் தின்பது என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே.

அந்த வருடம் விதைச்சோறு பொங்கினார்கள். முதல் கவளம் பெரியப்பா மகளுக்கு, அப்போது அவள்தான் கடைசி. ஆபீசரையும் உட்காரச் சொன்னார்கள். அவர் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மலை இறங்கிப் போய்விட்டார். ஊரே பயந்துகொண்டு ஒரு வாய் சாப்பிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டோம். அதற்கப்புறம் விதைத்தது கொஞ்சம், தின்றது மீதி. சோளம் நல்ல ருசி.

அதிலிருந்து ஊரில் ஒரு கேலி பிறந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தால், "உங்க வூட்ல இன்னைக்கு இன்னா வெசம்?" என்பார்கள். களி என்றால் களி வெசம், கீரை என்றால் கீரை வெசம். கல்யாண வீட்டில்கூட, "அண்ணனுக்கு இன்னும் ரெண்டு கரண்டி வெசம் போடு" என்று சிரித்தார்கள். எனக்கு அந்த வார்த்தையின் சரியான அர்த்தம் தெரிந்ததே பிற்பாடுதான். வெசம் என்றால் நல்ல சாப்பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் அதே ஆபீசர் அதே ஈர அக்குளோடு வந்தார். இந்த முறை மூட்டையைப் பிரித்தபோது பெண்கள் எல்லாரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தோம். சோளம் ரோஸ் நிறத்தில் இருந்தது. திருவிழாவில் விற்கிற பஞ்சுமிட்டாயின் ரோஸ். மூக்குக்குள் ஏறுகிற ஒரு காரமான நெடி. ஆபீசர் வழக்கம்போல, "இது மருந்து போட்ட விதை..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது.

என் பெரியப்பா சிரிக்காமலே சொன்னார், "போன வருசம் வாயால பயமுறுத்துன. இந்த வருசம் சாயம் பூசி எடுத்தாந்துகீற. அடுத்த வருசம் பாம்பு வுடுவியா சார்?"

ஆபீசரின் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை நான் பார்த்தேன். கோபம் இல்லை. வழி தெரியாத ஊரில் இருட்டில் மாட்டிக்கொண்டவர் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை.

விதைச்சோற்றுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சாயம் போகிறதா என்று பார்க்கச் சொல்லி, பெரியப்பா ஒரு முறம் சோளத்தை என்னிடம் கொடுத்து ஓடைக்கு அனுப்பினார். ஓடையில் அலசினேன். தண்ணீர் ரோஸாக ஓடியது, என் கை இரண்டும் ரோஸாகிவிட்டன. எனக்கு ஒரே சந்தோஷம். மருதாணி வைத்ததுபோல விரித்துப் பார்த்துக்கொண்டே மேலே ஏறி வந்தேன். எதிரே ஆபீசர்.

அவர் என் கையைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடைக்கே ஓடினார். பையிலிருந்து சிவப்பு சோப்பை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். எனக்கு எரிந்தது, அழுதேன். "வாயில வெச்சியா? விரலை நக்கினியா? சொல்லு பாப்பா, வெச்சியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்று தலையாட்டியும் விடவில்லை. நகக்கண்ணில் குச்சியை விட்டு நோண்டினார். என் அழுகையைக் கேட்டு அம்மா ஓடி வந்தாள். அவர் அம்மாவைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சோப்பை அங்கேயே மறந்துவிட்டார்.

அம்மா அந்த சோப்பை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் அதுவரை சோப்பு கிடையாது.

ஆபீசர் மலை இறங்கவில்லை. பள்ளிக்கூடக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். வீடு வீடாகப் போனார். கையும் காலும் நடுங்க ஆரம்பிக்கும், கண் மங்கும், பேச்சு குழறும், பிள்ளைகளுக்கு மூளையே போய்விடும் என்றெல்லாம் சொன்னார். மருந்து உள்ளே ஊறியிருக்கிறது, கழுவினால் சாயம்தான் போகும் என்றார். போகிற வீட்டில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், "போன வருசமும் இதானே சார் சொன்ன?" அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். எனக்கு அவர் மேல் சோப்புக் கோபம் தீரவில்லை. பெரியப்பா மகளும் நானும் அவர் பின்னாலேயே போய், "சார், உங்க வூட்ல இன்னைக்கு இன்னா வெசம்?" என்று கத்திவிட்டு ஓடுவோம்.

பெரியப்பா ஒன்றும் முரட்டு ஆள் இல்லை. ஒரு வழி சொன்னார். "ரெண்டு கோழி எடுப்போம். ஒரே அடைல பொறிச்சது. ஒண்ணுக்கு உன் சோளம், ஒண்ணுக்கு எங்க சாமை. ஊரே பாக்கட்டும்."

ஆபீசருக்கு முகம் மலர்ந்துவிட்டது. படித்தவர் அல்லவா, சோதனை என்றதும் பிடித்துவிட்டது. "நிறைய போடுங்க, அப்பதான் தெரியும்" என்றார். கோயில் முன்னால் இரண்டு பஞ்சாரங்களைக் கவிழ்த்து, ஒன்றில் சிவப்புக் கோழி, ஒன்றில் புள்ளிக் கோழி. சிவப்புக்குச் சோளம். ஊரே சுற்றி உட்கார்ந்துகொண்டது. ஆபீசர் சாப்பிடக்கூடப் போகாமல் பஞ்சாரத்துப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு இருந்தார். சிவப்புக் கோழி கொத்தக் கொத்த அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் புள்ளிக் கோழி செத்துக் கிடந்தது, சாமை தின்றது. கொஞ்ச நேரத்தில் சிவப்பும் இறக்கையைத் தொங்கப் போட்டு, வெள்ளையாகக் கழிந்து, விழுந்தது. அந்த வாரம் மலை முழுக்கக் கோழிக் கழிச்சல் வந்திருந்தது. அடுத்த இரண்டு நாளில் ஊரில் கோழி கூவும் சத்தமே நின்றுவிட்டது.

"சாமை தின்னதுதான மொதல்ல செத்துச்சி. அப்ப இன்னா, எங்க சாமையும் வெசமா?" என்றார் பெரியப்பா. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கோழி போன துக்கம் அவரவருக்கு.

ஆபீசர் செத்த கோழிகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "இதுல இருந்து எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

"சோளத்து மேல தப்பு இல்லன்னு ஒத்துக்கிறியா?"

"அதையும் சொல்ல முடியாது. ரெண்டும் நோய்ல செத்துருக்கு. நான் சரின்னும் ஆகல, நீங்க சரின்னும் ஆகல."

இப்போது யோசித்தால், அந்த இடத்தில் சிவப்புக் கோழியைத் தூக்கிக் காட்டி ஏதாவது ஒரு கதை கட்டியிருக்கலாம் அவர். அவர் கட்டவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று பாருங்கள். இத்தனை நாள் விஷம் விஷம் என்று கத்தியவன், சோதனை வைத்ததும் எதுவும் சொல்ல முடியாது என்கிறான். ஊர் எழுந்து போக ஆரம்பித்தது.

அப்போதுதான் அவர் சத்தமாகச் சொன்னார், "போன வருஷம் நான் பொய் சொன்னேங்க."

போனவர்கள் நின்றார்கள்.

"போன வருஷம் கொண்டுவந்த விதையில மருந்தே இல்ல. விதையைத் தின்னுடுவீங்க, விதைக்க மிச்சம் இருக்காதுன்னு நெனச்சு விஷம்னு சொன்னேன். கீழ எல்லா ஆபீசரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நல்லதுக்குத்தான்னு நெனச்சோம். இந்த வருஷம் நெஜமாவே மருந்து போட்டு அனுப்பிட்டாங்க. நெஜம்ங்க."

புளியமரத்துக்குக் கீழே யாரோ இருமினார்கள். பெரியப்பா அவர் கிட்டே போனார். மெதுவாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அப்ப நாங்க பசியோட கீறோம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே, துன்னா செத்துப்புடுவன்னு சொன்ன. எம் பொண்ணு வாயில மொத வாய் ஊட்டும்போது எனக்குக் கை எப்படி நடுங்குச்சின்னு உனக்குத் தெரியுமா? நீ வயிறு சரியில்லன்னுட்டு எறங்கிப் போய்ட்ட."

"தெரியலைங்க" என்றார் ஆபீசர்.

"பொய்யச் சொல்றவன் எப்ப நெசம் சொல்றான்னு எங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"அதுவும் தெரியலைங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு விதைச்சோறு" என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அன்று அம்மா அப்பாவிடம் கேட்டாள், "அந்த ஆளு நம்ம பொண்ணு கைய அப்புடித் தேச்சாரே, அது இன்னாத்துக்கு?" அப்பா, "அண்ணன் பாத்துக்கும், நீ சும்மா இரு" என்றார். அம்மா சும்மா இருந்தாள். தம்பியை மடியில் போட்டு அவன் ஈறைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

காலையில் கோயில் முன்னால் மூன்று கல் கூட்டி வெண்கலப் பானையை ஏற்றினார்கள். கழுவிய சோளம் வெளுத்துப் போயிருந்தது, பார்த்தால் நம் சோளம் மாதிரிதான். வெந்து கொதித்தபோது வந்த வாசனைக்கு என் வாயில் எச்சில் ஊறியது. உண்மையைச் சொல்கிறேன், பசி. பயம் எல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைகள் நாங்கள் எப்போது இறக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

படைத்தாகிவிட்டது. பெரியப்பா தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கவளத்தை உருட்டி ஊதி ஆற்றினார். தம்பி பழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்தான்.

ஆபீசர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு தேக்கிலை. பெரியப்பாவுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையை விரித்தார்.

"மொதல்ல எனக்கு வைங்க" என்றார்.

"கொழந்தைக்குத்தான் மொத வாய்."

"தெரியும். இன்னைக்கு ஒரு நாள் எனக்கு வைங்க." பிறகு, "நான் இதைத் தின்னு இங்கேயே விழுந்து செத்துட மாட்டேன். இது அப்படிக் கொல்றதில்ல. அதனால நான் தின்னாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. ஆனா இந்தப் புள்ள தின்னுறதை உக்காந்து பாத்துட்டு என்னால கீழ எறங்க முடியாதுங்க. வைங்க."

பெரியப்பா அவரையே பார்த்தார். வீம்புதான், வேறென்ன. கரண்டியில் அள்ளி அவர் இலையில் நிறையப் போட்டார். ஆவி பறந்தது.

ஆபீசர் கையை நீட்டினார். சோற்றைத் தொட்டார். விரல் நடுங்கியது. ஒரு பிடி எடுத்தார், பாதி இலையிலேயே உதிர்ந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. அவருக்கும் ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்கள், யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். கை மேலே வந்தது. வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது.

"மாமா, அந்த ஆளு கையப் பாருங்க."

அம்மாதான். அப்பாவின் அண்ணன் முன்னால் அவள் அதுவரை குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. பெரியப்பா பதில் சொல்வதற்குள் முன்னால் வந்து, அவர் மடியிலிருந்து தம்பியைப் பிடுங்கி என் இடுப்பில் வைத்தாள். ஆபீசரின் கையைத் தட்டிவிட்டாள், சோறு சிதறியது. பிறகு முந்தானையைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற பானையை அப்படியே தூக்கினாள்.

"ஏய், சாமி சோறு" என்று அப்பா கத்தினார்.

"பொய் சொன்ன ஆளுதான். எனக்கும் தெரியும். பொய் சொல்ற கை இப்படி நடுங்காது" என்றாள் அம்மா.

கோயிலுக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. பானையோடு அதில் இறக்கினாள். சிந்தின பருக்கை, இலை எல்லாவற்றையும் கூட்டி அள்ளிப் போட்டு, மண்ணையும் கல்லையும் தள்ளி மூடினாள். ஒரு நாய்கூட அதில் வாய் வைக்க அவள் வழி விடவில்லை. அவள் கை வெந்து தோல் உரிந்துபோனதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். தம்பி சோறு போன ஆத்திரத்தில் என் காதைப் பிடித்து இழுத்து வீறிட்டு அழுதான்.

விதைச்சோறு நின்றுபோன விதையைத் தின்னவும் முடியாது, விதைக்கவும் முடியாது. மூட்டைகளை ஆபீசரே கழுதை மேல் ஏற்றிக் கீழே கொண்டுபோனார். போகும்போது அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் மலைக்கு வரவில்லை. பொய் சொன்னதை ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதற்காக மேலே உள்ளவர்கள் எங்கோ தூக்கி அடித்துவிட்டார்கள் என்று பஸ் டிரைவர் சொன்னதாகச் சொன்னார்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அந்த வருடப் பசி போன வருடத்தைவிடக் கொடுமை. பிறகு மழை தள்ளிப் போனது, அது அம்மாவால். பன்றி வந்து சாமையை மேய்ந்தது, அதுவும் அம்மாவால். விதைச்சோறு பொங்கும் உரிமை எங்கள் குடும்பத்தை விட்டுப் போய்விட்டது. பெரியப்பா சாகும்வரை அம்மாவிடம் பேசவில்லை. ஊரில் அந்த விஷக் கேலியையும் யாரும் பேசவில்லை. அம்மா இதையெல்லாம் ஒரு நாளும் சொல்லி அழுததில்லை. வெந்த கையால்தான் கடைசிவரை களி கிண்டினாள்.

போன வாரம் தம்பி மலையிலிருந்து திருப்பத்தூருக்கு என் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டான். போனில் யாரோ பேசியதைப் பார்த்தானாம், மாத்திரை எல்லாம் கம்பெனிக்காரன் வேலையாம். எனக்கு வந்ததே கோபம். இந்தக் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான்.

"செரி, யாருனா செத்தாங்களா?" என்றான்.

"யாரும் சாப்பிடலயே."

"யாருக்குனா கை கால் இழுத்துக்கிச்சா?"

"சாப்பிட்டாத்தானடா."

"அப்புறம் எப்புடிக்கா வெசம்னு சொல்ற? அந்த ஆளு நல்லா நடிச்சிருக்கான். அம்மா பாவம், ஏமாந்துச்சி. கைய சுட்டுக்கினு, நல்ல வெண்கலப் பானை ஒண்ணயும் மண்ணுல போட்டு மூடிச்சி. இன்னைக்கு அது இன்னா வெல போவும் தெரியுமா?"

அவனிடம் காட்ட என் கையில் ஒன்றுமில்லை. சாமைச் சோறு ஆக்கியிருந்தேன். தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பல் பாதி போய்விட்டது, ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்துதான் சாப்பிடுகிறான்.

"இன்னா யக்கா அப்புடிப் பாக்கற? இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்றான். போட்டேன்.